அம்மா கேலன் கணக்கில் அடித்த மருந்து எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

போன மாதம் கை நடுக்கத்துக்காக அம்மாவை கிளினிக்குக்கு அழைத்துப் போனேன். "குடும்பத்துல வேற யாருக்காவது இருக்கா?" என்று டாக்டர் கேட்டார். என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்கவில்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் அம்மா 22 வருடம் முதுகில் டாங்கி சுமந்து களைக்கொல்லி மருந்து அடித்தவர். நடுக்கம் அதனால்தான் என்று நான் சொல்லவில்லை. உண்டு, இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. என் ஆத்திரமே அதுதான்.

2005இல் கிறிஸ்தோபர் வைல்ட் என்ற விஞ்ஞானி எக்ஸ்போசோம் என்றொரு சொல்லைக் கொண்டுவந்தார். கருவிலிருந்து கடைசி மூச்சுவரை காற்று, சோறு, தண்ணீர், வேலை என்று உடம்பைத் தொட்ட எல்லாம் அதில் அடக்கம். இப்போது பல நாட்டு விஞ்ஞானிகள் அதைக் கண்டறியக் கைகோத்திருக்கிறார்கள். பால்பல்லின் அடுக்குகளைப் பார்த்தே, தாய் வயிற்றில் இருந்தபோது பிள்ளைக்கு ஈயம் சேர்ந்ததா என்று சொல்லிவிடுகிறார்களாம். நம் நாட்டிலும் 2006இல் தொடங்கிய மலேசியன் கோஹோர்ட் என்ற, ஆட்களின் உடல்நலத்தைப் பல வருடம் தொடர்ந்து பார்க்கும் ஆய்வில் ஒரு லட்சம் பேருக்கு மேல் சேர்ந்தார்கள். எல்லாம் சரி.

ஆனால் அம்மா அடித்த பாராகுவாட் என்ற களைக்கொல்லி, பல்லில் எழுதி வைத்துவிட்டுப் போகிற சரக்கு இல்லை. உடம்பில் சேர்ந்ததில் பெரும்பகுதி சில நாளில் சிறுநீரோடு போய்விடும். நடுக்குவாத நோயோடு அதற்குத் தொடர்பு இருக்கலாம் என்று ஆய்வுகள் பேசுகின்றன. நம் அரசாங்கம் 2002இல் தடை என்றது, 2006இல் தளர்த்தியது, 2020 ஜனவரியில்தான் முழுசாக நிறுத்தியது. இன்றைக்கு அம்மாவின் ரத்தத்தை எந்த மெஷினில் வைத்தாலும் அந்த 22 வருடம் தெரியாது.

தெரிந்திருக்கக்கூடிய இடம் செக்ரோல் என்ற தோட்டத்து ஆள்கணக்குப் புத்தகம். காலையில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிடும் பெரட்டில் யார், எந்தக் காட்டில், என்ன வேலை என்று கிராணி, அதாவது தோட்டத்துக் கணக்கர், தினமும் எழுதியது. ஸ்டோர் கணக்கில் எத்தனை கேலன் மருந்து எடுத்தார்கள் என்பதும் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். எங்கள் தோட்டம் வீடமைப்புக்கு விற்கப்பட்டபோது ஆபீசுக்குப் பின்னால் அந்தப் புத்தகங்கள் எரிந்ததை அப்பா பார்த்திருக்கிறார். (தொழிலாளர் குடியிருந்த லயத்துத் தகரத்தை மட்டும் எடைக்குப் போட்டார்கள். அதற்கு விலை உண்டே.)

உலக ஆய்வுக்காரர்கள் இந்தப் பக்கம் வந்தால் ஊசியை அப்புறம் எடுக்கட்டும், முதலில் மிச்சமிருக்கும் செக்ரோல்களைத் தேடட்டும். பழைய கிராணி வீட்டுப் பிள்ளைகளே, பரணில் ஏதாவது கிடந்தால் கரையானுக்கு விடாமல் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

மருந்தில் தண்ணீர் கலந்து கொடுத்தது பெரியம்மா. அவருக்கு இப்போது 78. "நீலமா இருக்கும்டா, வெறுங்கையாலதான் கலக்குவோம்" என்றார். ஞாயிற்றுக்கிழமை நோட்டோடு போகிறேன்.