மைக் எண்ணுவது சத்தத்தை, டொல்பினை அல்ல

கற்பிட்டிப் பயணப் படங்களுக்குக் கீழே ஒரு தம்பி, "கடலுக்குள் ஒரு மைக்கை இறக்கினால் எத்தனை டொல்பின், எத்தனை கடற்பன்றி என்று கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லிவிடும்" என்று எழுதியிருக்கிறார். மைக் போடுவது உண்மை. எண்ணுவதுதான் பிழை.

நான் இருப்பது ஹட்டன் பக்கம் ஒரு தோட்டத்தில். பனி மூடிய விடியலில் கீழ் லயத்து நாய்கள் குரைப்பது நன்றாகக் கேட்கும். நாலு நாயா, ஒரே நாய் நாலு தடவையா என்று தெரியாது. சும்மா சுருண்டு படுத்திருக்கும் நாய் கணக்கிலேயே வராது. கடலிலும் அதே கதைதான்.

கடற்பன்றி, அதாவது டொல்பினுக்கு உறவான porpoise, இன்னும் சிக்கல். அது விசில் அடிப்பதில்லை. ஐரோப்பியக் கடலோரங்களில் வாழும் இனம் எழுப்பும் 'கிளிக்' என்ற சொடுக்குச் சத்தம் சுமார் 130 கிலோஹேர்ட்ஸ். நம் காது 20-ஓடு நின்றுவிடும். அவ்வளவு உயர்ந்த அதிர்வெண் உள்ள ஒலி தண்ணீரில் சீக்கிரம் கரைந்துவிடுவதால், சில நூறு மீட்டருக்குள் வந்தால்தான் கருவிக்கே பிடிபடும்.

சரி, கணக்கே போட முடியாதா? முடியும், ஆனால் ஒரு மைக்கை வைத்து அல்ல. பால்டிக் கடலில் கடற்பன்றிகளைக் கணிக்க 2011 முதல் 2013 வரை சுமார் 300 இடங்களில் கருவி வைத்தார்கள். ஒரு விலங்கு எவ்வளவு அடிக்கடி கிளிக் அடிக்கும், எவ்வளவு தூரத்தில் பிடிபடும் என்பதையும் சேர்த்துத்தான் கணித்தார்கள். பால்டிக்கின் மையப் பகுதிக்குக் கிடைத்த விடை சுமார் 500. அதற்கும் 80 முதல் 1,100 வரை இருக்கலாம் என்ற இழுபறி!

அப்புறம், தம்பி கூடவே போட்ட 'கடற்பன்றிச் சத்தம்' நம் காதுக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்கிறதென்றால், வேகத்தைக் குறைத்து ஓட்டியிருப்பார்கள். இல்லையென்றால் அது டொல்பின்.