மெமரி கூடினால் கிராபிக்ஸ் கார்டு வேகமாகிவிடுமா?

‘கிராபிக்ஸ் கார்டில் ஜிபி எவ்வளவு என்று மட்டும் பாருங்கள், கூடுதலாக இருந்தால் கேமும் வேகமாக ஓடும்’ என்று ஒரு அறிவுரை சுற்றி வருகிறது. இது தவறு.

என்விடியா நிறுவனத்தின் ஜிடி 730, ஜிடிஎக்ஸ் 1650 கார்டுகள் இரண்டிலுமே 4 ஜிபி மெமரி கொண்ட மாடல்கள் உண்டு. ஆனால் 2014-இல் வந்த 730-இன் டிடிஆர்3 (மெதுவான மெமரி வகை) மாடல், தரவுப் பாதையின் அகலம் 64 பிட் மட்டுமே என்பதால், நொடிக்குச் சுமார் 14 ஜிபி தரவைத்தான் நகர்த்தும். 2019-இல் வந்த 1650-இன் ஜிடிடிஆர்5 (வேகமான மெமரி வகை) மாடல் நொடிக்கு 128 ஜிபி நகர்த்தும். கணக்குப் போடும் கோர்களும் 384-க்கு எதிராக 896. பெட்டியில் இருப்பதோ அதே ‘4 ஜிபி’! குடோன் பெரிதாக இருந்து என்ன, வாசல் குறுகலாக இருந்தால்?

சரி, மெமரி முக்கியமே இல்லையா? முக்கியம்தான். அது போதாமல் போனால் கேம் திக்கித் திக்கி ஓடும், டெக்ஸ்சர் (பொருள்களின் மேற்பரப்பில் தெரியும் படம்) தரத்தையும் குறைக்க வேண்டிவரும். போதுமான அளவுக்கு மேல் இருப்பது மட்டும் வேகத்தைக் கூட்டாது.

பெயரையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப முடியாது. ஜிடிஎக்ஸ் 1060-இன் 3 ஜிபி வகையில், 6 ஜிபி வகையைவிட 128 கோர்கள் குறைவு. வாங்குமுன் முழு மாடல் பெயர், மெமரி வகை, நீங்கள் ஆடும் கேமில் நொடிக்குக் கிடைக்கும் பிரேம் (திரையில் மாறும் படம்) எண்ணிக்கை மூன்றையும் பாருங்கள்.