சேஃப் ஏரியாவாம், சேஃப் ஏரியா!

இந்த மாதம் 30-ஆம் தேதிக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். "அமெரிக்காவுல இருந்து பையன் வர்றான்மா, அதான்" என்றார் ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி. நானும் நம்பி, "பரவாயில்ல ஆன்ட்டி" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். நாலாவது நாள் வீடு தேடும் ஆப்பில் மேய்ந்துகொண்டிருந்தபோது என் வீட்டு பால்கனியே வந்து நின்றது. கொடியில் என் துண்டு காய்ந்துகொண்டிருக்கிறது. வாடகை மட்டும் நான் கொடுப்பதைவிட ஆறாயிரம் கூடுதல். சொந்தப் பையனிடமே வாடகை வாங்குவார் போல!

அது போகட்டும். ஏழு வாரமாக ஞாயிற்றுக்கிழமை என்றால் எனக்கு வீடு பார்க்கும் நாள். இதுவரை 23 வீடு பார்த்தாயிற்று. குடியிருக்கப் போவது நானும் அம்மாவும். வேலை சென்னை கிண்டியில். வாடகை பதினைந்தாயிரத்தைத் தாண்டினால் மாதக் கடைசியில் அம்மாவின் மாத்திரைச் சீட்டைப் பார்த்துப் பெருமூச்சு விட வேண்டியிருக்கும். நான் ஒன்றும் கடற்கரையைப் பார்த்த வீடு கேட்கவில்லை. ராத்திரி ஒன்பதரைக்கு இறங்கி நடந்து வரும் வழியில் விளக்கு எரிய வேண்டும், டிசம்பரில் தண்ணீர் உள்ளே வரக் கூடாது, நான் ஆபீஸில் இருக்கும்போது ஓனர் மாற்றுச் சாவி போட்டுத் திறந்து "கேஸை மூடினாளா" என்று பார்க்கக் கூடாது (இப்போதைய வீட்டில் இதுவும் நடக்கிறது). இவ்வளவுதான் கேட்கிறேன்.

இதைப் புரோக்கரிடம் சொன்னால் ஒரே வரியில் பதில் வரும்: "சேஃப் ஏரியா சிஸ்டர், கவலையே படாதீங்க." அந்த 'சேஃப்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு இந்த ஊரில் என்னென்னவோ வியாபாரம் நடக்கிறது.

நங்கநல்லூர்ப் பக்கம் ஒரு போர்ஷன். ஓனர் ஹாலில் உட்கார்ந்தபடியே விசாரணையை ஆரம்பித்தார். சொந்த ஊர் எது? அங்கே எந்தத் தெரு? அப்பா எப்போது தவறினார்? எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை? நைட் ஷிஃப்ட் உண்டா? ஆபீஸ் பசங்க யாராவது வந்து போவார்களா? அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "நீங்க நான்வெஜ்ஜா?" ஆமாம் சார் என்றேன். அவருக்கு மனசு கேட்கவில்லை. "சமைக்கிறது உண்டா, வெளியில சாப்பிடறதோட சரியா?" என்று எனக்கு ஒரு வழி விட்டுப் பார்த்தார். சமைப்போம் என்றதும், "முட்டைன்னா கூட யோசிக்கலாம்..." என்று இழுத்தார். பதினைந்தாயிரம் வாடகை கொடுத்துவிட்டு மீன் குழம்பை ஒளிந்து நின்று வைக்க வேண்டுமாம். வாசல் வரை வந்த அவர் மனைவிதான் உண்மையைச் சொன்னார்: "தப்பா நினைக்காதம்மா, இங்க எல்லாம் நம்மவா. அதனாலதான் இவ்வளவு சேஃபா இருக்கு."

எந்தத் தெரு என்று ஏன் கேட்டார் என்பது எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

நானாவது இத்தனை கேள்வி வரை போகிறேன். என்னோடு வேலை பார்க்கும் தோழி ஒருத்தி முஸ்லிம். அவளுக்குப் பெயரைச் சொன்னதுமே விஷயம் முடிந்துவிடும். போனில் "இருக்கு, வாங்க" என்றவர்கள், பெயரைக் கேட்டதும் "இப்பதான் ஒருத்தர் டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துட்டுப் போனார்" என்பார்கள். அந்த ஒருத்தர் யார் என்று தெரியவில்லை, சென்னையில் அவள் கேட்கிற வீட்டுக்கெல்லாம் ஐந்து நிமிடம் முன்னால் போய் அட்வான்ஸ் கொடுத்துக்கொண்டே இருக்கிறார்.

இந்த ஊரில் எப்போதுமே வாடகைக்கு வருகிறவர்தான் சந்தேகப் பேர்வழி. 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேரை, வங்கிக் கொள்ளையர்கள் என்று சொல்லி போலீஸ் சுட்டுக் கொன்றது. அதற்குப் பிறகுதான் குடியிருப்பவர் விவரத்தை ஓனர்கள் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. சரி, ஒரு காரணம் இருந்தது, கொடுக்கட்டும். என் ஆதார், பான், ஆபீஸ் அடையாள அட்டை, அம்மாவின் ஆதார் எல்லாம் 23 ஓனர்களில் பாதிப் பேர் வாட்ஸ்அப்பில் கிடக்கிறது. வீடு கொடுக்கிறவர் எப்படிப்பட்டவர் என்று நான் எந்த ஸ்டேஷனில் போய் விசாரிப்பது? எனக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்த பெண்கள் ஏன் மூன்று மாதத்திலேயே காலி செய்தார்கள் என்று யார் எனக்குச் சொல்வார்கள்?

பணத்துக்கு வருகிறேன். பதினைந்தாயிரம் வாடகை என்றால் பத்து மாத அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். வாடகை ஒப்பந்தத்துக்கென்று 2017-இல் ஒரு சட்டம் போட்டு, 2019 பிப்ரவரியில் அமலுக்கும் கொண்டுவந்தார்கள். மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது என்கிறது அது. ஆனால் இருதரப்பும் வேறுமாதிரி ஒப்புக்கொண்டால் சரி என்று ஒரு வாலும் அதில் தொங்குகிறது. அந்த வால் போதாதா? சட்டத்தைப் பற்றி ஒரு ஓனரிடம் வாயைத் திறந்தேன். "அப்ப சட்டத்துல போய் குடியிருங்க" என்றார். வெயிலில் நின்றுகொண்டிருந்த எனக்குக் கோபத்தோடு சிரிப்பும் வந்துவிட்டது.

ஒன்றரை லட்சத்தோடு முடிவதில்லை. புரோக்கருக்கு ஒரு மாத வாடகை. பராமரிப்பு என்று இரண்டாயிரம். போர் தண்ணீரில் பருப்பு வேகாது என்பதால் கேன் தண்ணீர். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள், நீங்கள் சுவரில் ஆணி அடித்திருந்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி. கரன்ட்டில்தான் பெரிய கொள்ளை. இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று அரசு கொடுக்கிறது. 300 யூனிட் ஓடினாலும் வாரியக் கணக்கில் ஆயிரம் ரூபாயைத் தொடாது. என் வீட்டில் சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு 9 ரூபாய், அதே முந்நூறுக்கு 2,700. கேட்டால் "எல்லாப் போர்ஷனும் ஒரே மீட்டர்ல ஓடுதும்மா, ஸ்லாப் ஏறிடுது" என்பார். ஏறட்டும், தனித்தனி இணைப்பு வாங்கிக் கொடுக்க வேண்டியது யார்? அந்த நூறு யூனிட் இலவசத்தை நான் கண்ணால் கண்டதே இல்லை.

அப்புறம் தண்ணீர். குடிக்கக் கிடைக்காத தண்ணீரைச் சொல்லவில்லை, வீட்டுக்குள் வருகிற தண்ணீர். அம்மாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏற முடியாது, லிஃப்ட் உள்ள வீடு நம் பட்ஜெட்டில் இல்லை. ஆக, கீழ்த்தளம்தான். சென்னையில் கட்டுப்படியாகிற வாடகைக்குக் கீழ்த்தளம் என்றால் பெரும்பாலும் ஒரு காலத்தில் ஏரியாகவோ சதுப்பாகவோ இருந்த இடம். பள்ளிக்கரணை சதுப்புநிலத்தை 2022-இல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான சதுப்புநிலங்களின் பட்டியலில், சேர்த்தார்கள். மகிழ்ச்சிதான். அதன் மேல் கட்டிய தெருக்களில் குடியிருப்பவனை எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

மடிப்பாக்கத்தில் ஒரு வீடு. புதுசாக வெள்ளை அடித்து, டைல்ஸ் பளபளவென்று இருந்தது. பன்னிரண்டாயிரம்தான். அம்மாவுக்கு உடனே பிடித்துவிட்டது, பூஜை அலமாரி எங்கே வைப்பது என்பது வரை போய்விட்டாள். எனக்கு மட்டும் என்னவோ உறுத்தியது. பிறகுதான் கவனித்தேன், பிளக் பாயின்ட் ஒன்றுகூடக் கீழே இல்லை. ஃபிரிட்ஜ் செருகும் பிளக், மிக்ஸி பிளக் எல்லாம் என் தோள் உயரத்தில். மீட்டர் பெட்டியைப் பார்க்க அண்ணாந்துதான் பார்க்க வேண்டும். சுவரிலும் இடுப்பு உயரம் வரை ஒரு வெள்ளை, அதற்கு மேல் கொஞ்சம் பழுப்பேறிய வெள்ளை. "தண்ணி வருமா சார்?" என்றேன். "சேச்சே, நம்ம தெரு மேடும்மா" என்றார் ஓனர்.

வெளியே வந்து தெருமுனை இஸ்திரி வண்டியில் கேட்டேன். ஊரில் எவனையும் நம்பாதீர்கள், இஸ்திரி போடுகிறவரை நம்புங்கள். அண்ணன் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு என்னையும் அம்மாவையும் பார்த்தார். "ரெண்டாயிரத்துப் பதினைஞ்சு வெள்ளத்துல கட்டில் முங்குச்சு. மிக்ஜாம் புயலப்ப அந்த வீட்ல இருந்தவங்கள மாடிக்குத் தூக்கிட்டுப் போனோம். நீங்க மாடி கேளும்மா" என்றார். அம்மா தன் முழங்காலைப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பெருமழை அறிவிப்பு வந்தால் வேளச்சேரி மேம்பாலத்தின் மேல் காரை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள் அல்லவா, அந்தப் படத்தைப் பார்த்து ஊரே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கார் இருக்கிறவனுக்காவது ஏற்றி நிறுத்த ஒரு பாலம் இருக்கிறது. அம்மாவை எந்தப் பாலத்தில் ஏற்றுவது?

பறக்கும் ரயில் பக்கம் பாரேன் என்றாள் ஒரு தோழி. ஸ்டேஷன் பக்கத்தில் வாடகை கொஞ்சம் குறைவுதான். ஏன் குறைவு என்று இரவு ஒன்பதரைக்கு அந்த ஸ்டேஷன்களில் ஒன்றில் இறங்கிப் பார்த்தால் தெரியும். மால் கட்டுவதுபோல அகலம் அகலமாகக் கட்டிவிட்டு, உள்ளே மாடி மாடியாகக் காலி. நின்றுபோன எஸ்கலேட்டர், பாதி ட்யூப்லைட், தூணுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று தெரியாத இருட்டு. கூட இறங்கின நாலு பேரில் மூன்று பேர் ஒரு படிக்கட்டில் போனார்கள். நான் போக வேண்டியது வேறு படிக்கட்டு. அன்றைக்கு அந்தப் படிகளை நான் இறங்கவில்லை, ஓடினேன்.

இதே புரோக்கர்கள்தான் "சென்ட்ரல் தாண்டி மட்டும் பாக்காதீங்க சிஸ்டர், பொம்பளைங்களுக்கு அந்தப் பக்கம் சேஃப் கிடையாது" என்று அடித்துச் சொல்வார்கள். வட சென்னை என்றாலே அரிவாளும் கஞ்சாவும் என்று சினிமா பார்த்துப் பழகிய நாக்கு. வீம்புக்காகவே ஒரு வெள்ளிக்கிழமை கிண்டியில் மெட்ரோ ஏறி, வண்டி மாறாமல் தண்டையார்பேட்டையில் போய் இறங்கினேன். மணி பத்தாகப் போகிறது. தெரு முழுக்க ஆள். டிபன் கடையில் தோசைக்கல் காய்கிறது, அடிபம்பு பக்கத்தில் இரண்டு அக்காக்கள் குடத்தை வைத்துக்கொண்டு யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறார்கள், வாசற்படியில் ஒரு பாட்டி காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். நான் இரண்டு தரம் அதே தெருவில் போய் வந்ததைப் பார்த்துவிட்டு, "யாரு வூடு தேடறம்மா?" என்றார். ஏழு வாரத்தில் முதல் முறையாகத் தோள்பையை இறுக்கிப் பிடிக்காமல் நடந்தேன்.

அதற்காக அது சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. வடக்கே போகப்போக வாடகை ஏன் குறைகிறது என்று ஆலைப் புகை ஏறிய மணலிக் காற்றை முகர்ந்தவர்களுக்குத் தெரியும். எண்ணூரில் 2023 டிசம்பர் கடைசியில் அம்மோனியா கசிந்து நள்ளிரவில் ஜனங்கள் வீட்டை விட்டு ஓடியதையும் மறக்கவில்லை. தண்டையார்பேட்டையில் தனி பாத்ரூம் உள்ள போர்ஷன் ஒன்று அந்தப் பாட்டி புண்ணியத்தில் கிடைத்தது, பதிமூன்றாயிரம். ஓனர் சாதி கேட்கவில்லை, கறி கேட்கவில்லை. "ஆம்பள யாரும் இல்லையா? ரெண்டு பொம்பளைங்க மட்டுமா?" என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றார். அந்த நாளை இன்னும் விடியவில்லை.

ஆண் துணை இருந்தால்தான் வீடு, ஆனால் ஆண் யாரும் வந்து போகக் கூடாது. இந்தக் கணக்கை யாராவது எனக்குப் போட்டுக் காட்டுங்கள்.

இன்று மதியம் ஒரு புரோக்கர் கூப்பிட்டார். போரூர் தாண்டி, பதினாலாயிரம், அட்வான்ஸ் பேசிக் குறைக்கலாம். "சூப்பர் சேஃப் ஏரியா சிஸ்டர், நான் கேரன்ட்டி" என்றார். சரி அண்ணா, ஆபீஸ் முடிந்து நேரே வருகிறேன், ஒன்பதரைக்கு பஸ் ஸ்டாப்பில் நில்லுங்கள், நடந்தே போய்ப் பார்க்கலாம் என்றேன்.

ஒரு நிமிடம் சத்தமே இல்லை.

"நைட்லயா? நைட்ல வேணாம் சிஸ்டர். அந்த ரோட்ல லைட் கிடையாது, நாய் வேற தொரத்தும். நானே எட்டு மணிக்கு மேல அந்தப் பக்கம் போறதில்ல."