நியாயமெல்லாம் அவர் பக்கம்

சூப்பர்ஹீரோ ஒருவரை மணந்துகொண்டவருக்கு என்ன சிரமம் என்று கேட்டால், பெரும்பாலானோர் ஆபத்தைத்தான் முதலில் சொல்வார்கள். எதிரி வீடு தேடி வருவான், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவான், என்றாவது ஒருநாள் போனவர் திரும்பாமலே போய்விடுவார் என்பவையெல்லாம் உண்மையான அச்சங்கள்தாம். ஆனால் பள்ளி நாள்களிலிருந்து காமிக்ஸ் படித்து வருபவள் என்ற முறையிலும், தீயணைப்பு மீட்புப் பணியில் இருக்கும் ஒருவருடன் 14 ஆண்டுகளாகக் குடும்பம் நடத்துபவள் என்ற முறையிலும், எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. அப்படிப்பட்டவரின் வீட்டில் இருப்பவருக்குக் கோபப்படும் உரிமை கொஞ்சம் கொஞ்சமாகக் கைநழுவிப் போய்விடுகிறது.

ஒரு சாதாரணக் கணவர் திருமண நாளன்று நள்ளிரவில் வீடு திரும்பினால் சண்டை போடலாம். அவர் ஏதோ சமாதானம் சொல்வார், அது எடுபடாது, இரண்டு நாள் பேச்சுவார்த்தை இருக்காது, பிறகு சரியாகிவிடும். சூப்பர்ஹீரோவோ பாலத்திலிருந்து சரிந்த பேருந்தைத் தாங்கிப் பிடித்து, உள்ளே இருந்த 40 பேரையும் கரை சேர்த்துவிட்டு வந்திருப்பார். அந்த நாற்பது உயிருக்கு எதிர்த்தட்டில் ஆறிப்போன ஒரு சாப்பாட்டையும், அதற்காகவே உடுத்திக் களைந்த ஒரு புடவையையும் வைத்து யார் வாதாட முடியும்? வாயைத் திறந்தாலே நாம் அற்பமாகிவிடுவோம். அடுத்த முறையும் அதே கதைதான். அதற்கடுத்த முறையும் அதேதான். தனித்தனியாக எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு நாளும் அவர் செய்தது சரி. பத்து ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால், அவள் தனியாகத்தான் வாழ்ந்திருக்கிறாள். எந்த வரியிலும் பிழை இல்லாமல் கூட்டுத்தொகை மட்டும் தவறாக வருகிற கணக்கு அது.

இந்தக் கணக்கைக் கதாசிரியர்கள் அறியாதவர்கள் அல்லர். பல நேரங்களில் அறியாமலே எழுதிவிட்டார்கள் என்றும் சொல்லலாம். உலகிலேயே வேகமாக ஓடக்கூடிய ஃபிளாஷ், அதாவது பாரி ஆலன், காதலியைப் பார்க்க எப்போதும் தாமதமாகத்தான் வருவார் என்பது அந்தக் கதைகளில் ஓயாமல் வரும் நகைச்சுவை. 1966-இல் அவருக்கும் ஐரிஸுக்கும் திருமணம் நடக்கிறது. தாம் யார் என்பதை மனைவியிடம் சொல்லாமலே ஓராண்டைக் கடத்திவிட்டு, முதல் திருமண நாளன்றுதான் மனிதர் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு உண்மையைச் சொல்கிறார். அவளோ அதிரவில்லை, அது தனக்கு முன்பே தெரியும் என்கிறாள். அவர் தூக்கத்தில் பேசுகிறவராம்.

சிரிப்பதற்காக எழுதப்பட்ட இடம் அது. நானும் முதன்முறை படித்தபோது சிரித்தேன். திருமணத்துக்குப் பிறகு படித்தபோது அந்தக் கட்டத்தைக் கடந்து போகவே முடியவில்லை. பக்கத்தில் படுத்திருப்பவரின் உளறலிலிருந்து அவர் அன்று எந்தத் தீயில் புகுந்தார், யாரைக் காப்பாற்ற முடியாமல் போனது என்பதையெல்லாம் தெரிந்துகொண்டு, காலையில் ஒன்றும் தெரியாதவளாக முகம் காட்டி, ஓர் ஆண்டு முழுவதும் அவராகச் சொல்லட்டும் என்று காத்திருந்தாளே, அந்தப் பொறுமைக்கு அந்தக் கதையில் ஒரு கட்டம்கூட ஒதுக்கப்படவில்லை. பின்னாளில் ஸ்பைடர்மேனை மணக்கும் மேரி ஜேனும் அப்படித்தான். பீட்டர் பார்க்கர்தான் ஸ்பைடர்மேன் என்பது தனக்கு நெடுநாளாகவே தெரியும் என்று 1984-இல் வந்த ஓர் இதழில் அவள் சொல்லிவிடுகிறாள். அதுவரை அவள் காட்டிய விளையாட்டுத்தனமெல்லாம் வேறு நிறத்தில் தெரியத் தொடங்குகிறது. ரகசியத்தைக் காப்பவர் அவர்தான் என்று ஊர் நினைத்துக்கொண்டிருக்க, உண்மையில் அதைக் காப்பவள் அவள்.

எங்கள் வீட்டில் ரகசியம் ஒன்றும் இல்லை. ஆனாலும் இரவு ஷிப்ட் முடிந்தோ, ஓர் அழைப்புக்குப் போய்விட்டோ விடியற்காலை மூன்று மணிக்கு அவர் வரும்போது, சாவி திரும்பும் ஓசை கேட்காதபடி கதவை உடம்போடு அணைத்துத் திறப்பார். பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலுடன் உள்ளே வருவார். நான் சுவர்ப் பக்கம் திரும்பி, மூச்சைச் சீராக விட்டபடி தூங்குவதுபோல் படுத்திருப்பேன். நான் விழித்திருப்பது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியும். இந்த நாடகத்தில் இருவரும் தேர்ந்துவிட்டோம்.

நடிப்பதற்குக்கூட வழியில்லாத வீடு ஒன்று உண்டென்றால் அது சூப்பர்மேனின் வீடு. பத்திரிகையாளரான லாயிஸ் லேன் 1938-இல், சூப்பர்மேன் அறிமுகமான அதே இதழில் அறிமுகமானவள். அவர்களுக்குத் திருமணம் நடந்தது 1996-இல். அதற்கு முன்பு 1990-இல் கிளார்க் கென்ட்டை மணக்கச் சம்மதிக்கும்போது, அவர்தான் சூப்பர்மேன் என்பது அவளுக்குத் தெரியாது. அடுத்த ஆண்டுதான் சொல்கிறார். சம்மதம் வாங்கிய பிறகு உண்மையைச் சொல்வது முறைதானா என்பது தனி விவாதம். என் மனம் சுற்றிக்கொண்டிருப்பது அவருடைய காதுகளைத்தான். தொலைதூரத்தில் ஒருவர் அலறினாலும் கேட்கும் காது, அடுத்த அறையில் மனைவி விடுகிற பெருமூச்சைக் கேட்காமலா இருக்கும்? அவளுடைய இதயத் துடிப்பு ஒரு கணம் தடுமாறினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். "ஒன்றுமில்லை, நீங்கள் போய் வாருங்கள்" என்று ஒரு மனைவி சொல்லும் பொய், இல்லறத்தின் மிகப் பழைய மரியாதைகளுள் ஒன்று. அவளால் அதைச் சொல்ல முடியாது. சொன்னால் அது பொய் என்று கேட்டுக்கொண்டே அவர் பறந்து போவார்.

இதைவிடக் கொடிய இடமும் ஒன்று இருக்கிறது. எல்லாம் கேட்கிற ஒருவர் வீட்டில் இருக்கிறார் என்றால், அந்த நேரத்தில் ஏதோ ஓர் அலறலைக் கேட்டும் எழுந்து போகாமல் இருக்கிறார் என்றுதான் பொருள். உலகத்தில் எந்த நிமிடமும் யாரோ ஒருவர் அலறிக்கொண்டுதான் இருப்பார். ஆகவே அவர் உறங்கும் ஒவ்வொரு மணி நேரமும், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக் கொடுக்கும் ஒவ்வொரு மாலையும், கைவிடப்பட்ட யாரோ ஒருவரின் கணக்கில் எழுதப்படுகிறது. "இன்று ஒரு ராத்திரி வீட்டில் இருங்களேன்" என்று அவள் கேட்டு அவரும் இருந்துவிட்டால், மறுநாள் செய்தித்தாளைப் பிரிக்கும்போது அவள் கை நடுங்காதா? மற்றவர்கள் கணவரிடம் நேரம் கேட்கிறார்கள். இவள் கேட்பது யாரோ ஒருவரின் உயிரை. ஆகவே கேட்பதையே நிறுத்திவிடுவாள். கேட்காதவளைப் பார்த்து உலகம், "எவ்வளவு பக்குவமானவள்!" என்று மெச்சும். இந்தப் பாராட்டை நானும் நிறைய வாங்கியிருக்கிறேன். வாங்கும்போதெல்லாம் எரிச்சல்தான் வந்திருக்கிறது.

முகமூடி போடுகிறவரின் துணைக்குக் கூடுதலாக இன்னொரு வேலை உண்டு. அவர் வராத இடங்களிலெல்லாம் அவருக்காக அவள்தான் காரணம் சொல்ல வேண்டும். பெற்றோர் கேட்பார்கள், பள்ளியில் ஆசிரியர் கேட்பார், வீட்டு உரிமையாளர் கேட்பார். ஊரைக் காப்பாற்றுபவர் கைதட்டலை முகமூடிக்கு வாங்கிக்கொண்டு போய்விடுவார். முகமூடி இல்லாத மனிதருக்கான வசவு வீட்டு வாசலுக்கு வரும். பொறுப்பில்லாத கணவரைக் கட்டிக்கொண்டு அல்லாடுகிறாளே என்று அவள்மீது இரக்கப்படுவார்கள். அதை மறுக்கவும் முடியாமல், பெருமையாக ஒரு வார்த்தை சொல்லவும் முடியாமல், தலையை ஆட்டிக்கொண்டு நிற்க வேண்டும்.

கதைகளை வெளியிடுகிறவர்கள் இந்தத் திருமணங்களை என்ன பாடு படுத்தியிருக்கிறார்கள் என்று பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. சூப்பர்மேனுக்கும் லாயிஸுக்கும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலேயே திருமணம் செய்துவைக்கக் கதாசிரியர்கள் திட்டமிட்டிருந்தார்கள். அப்போது அவர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடர் ஒன்று வரவிருந்ததால், இரண்டு இடத்திலும் சேர்ந்தாற்போல் நடத்திக்கொள்ளலாம் என்று அது தள்ளிவைக்கப்பட்டது. கையில் கதை இல்லாமல் நின்றவர்கள், அதற்குப் பதிலாக 1992-இல் சூப்பர்மேனைக் கொன்றுவிட்டார்கள். திருமணத்தைத் தள்ளிப்போட மணமகனையே சாகடித்த கதை வேறெங்கும் உண்டா? கடைசியில் 1996-இல் நடத்திவைத்த அந்தத் திருமணத்தையும் 2011-இல் அவற்றை வெளியிடும் டிசி நிறுவனம் தன் கதையுலகத்தைப் புதிதாகத் தொடங்கியபோது நடக்கவே நடக்காததாக ஆக்கியது. சில ஆண்டுகள் கழித்து மறுபடியும் ஒட்டவைத்தது. ஸ்பைடர்மேன் திருமணம் 1987-இல் ஒரு பேஸ்பால் மைதானத்தில் மக்கள் முன்னிலையில் நடித்துக் காட்டப்படும் அளவுக்குக் கொண்டாடப்பட்டது. 2007-இல் பீட்டரின் அத்தையின் உயிரைக் காப்பாற்ற, ஒரு சாத்தானிடம் அந்தத் திருமணத்தையே விலையாகக் கொடுத்ததாக எழுதி அழித்தார்கள். மணவிலக்கு என்று எழுதினால் நாயகனுக்கு வயதாகிவிட்டதுபோல் தோன்றும் என்பது பதிப்பாசிரியர்களின் கவலை. சாத்தானோடு உடன்படிக்கை போட்டால் இளமையாக இருப்பாராம்!

2013-இல் டிசி நிறுவனத்தின் பொறுப்பில் இருந்த ஒருவர், நாயகர்களுக்கு மகிழ்ச்சியான சொந்த வாழ்க்கை இருக்கக் கூடாது என்று வெளிப்படையாகவே சொன்னார். 2018-இல் பேட்மேனைக் கேட்வுமன் மணமேடைக்கு வராமல் விட்டுவிட்டுப் போனதற்கும் இதே காரணம்தான் எழுதப்பட்டது: அவர் மகிழ்ச்சியாக இருந்தால் பேட்மேனாக இருக்க மாட்டார் என்று அவள் நம்பிவிட்டாளாம். இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. வீட்டில் நிம்மதி உள்ளவர் ஊருக்கு உழைக்க மாட்டார் என்பது, ஊருக்கு உழைக்கும் எவரையும் பக்கத்திலிருந்து பார்க்காதவர்கள் சொல்வது. திருமணம் கதையைக் கெடுக்கிறது என்று அவர்கள் அஞ்சுவதற்கு உண்மையான காரணம், "எப்போது வருவீர்கள்?" என்று கேட்க ஓர் ஆள் வந்துவிடுவதுதான் என்று நினைக்கிறேன்.

கேட்க ஆள் இருக்கக் கூடாது என்றால் எளிய வழி அவளைக் கொன்றுவிடுவது. 1994-இல் வந்த ஒரு கதையில் கிரீன் லான்டர்னாகப் புதிதாகப் பொறுப்பேற்ற இளைஞனின் காதலியைக் கொன்று குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டுப் போகிறான் எதிரி. நாயகனுக்குக் கோபம் வர வேண்டும் என்பதற்காக மட்டும் செத்தவள். இப்படிக் கொல்லப்பட்டும் சிதைக்கப்பட்டும் போன பெண் கதாபாத்திரங்களின் பட்டியலை 1999-இல் கெயில் சிமோன் தொகுத்து, அந்தக் குளிர்சாதனப் பெட்டியின் பெயரையே அதற்கு வைத்தார். 2004-இல் வந்த இன்னொரு கதைதான் என்னை அதிகம் உலுக்கியது. நாயகர்களின் குடும்பத்தார் தாக்கப்படுகிறார்கள். எலாங்கேட்டட் மேன் என்ற நாயகரின் மனைவி சூ இறந்துபோகிறாள். எல்லோரும் வில்லன்களைத் தேடிக்கொண்டிருக்க, குற்றவாளி ஆட்டம் என்ற நாயகரின் முன்னாள் மனைவி என்று தெரியவருகிறது. வீட்டுக்கு ஆபத்து என்றால் நாயகர்கள் வீடு திரும்புவார்கள், தன் கணவரும் தன்னிடம் திரும்புவார் என்பது அவள் போட்ட கணக்கு. அவளுக்குச் சித்தம் கலங்கியிருந்தது என்று கதை முடித்துக்கொள்கிறது. கொலையை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால், அவசர அழைப்பாக மாறினால் மட்டுமே தன்னைக் கவனிப்பார் என்ற அந்த எண்ணம் பைத்தியக்காரியின் எண்ணம் மட்டும்தானா? சென்ற ஆண்டு எனக்குக் காய்ச்சல் 103 டிகிரிக்கு ஏறியபோது என் கணவர் விடுப்பு எடுத்துக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் இருந்தார். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கியதும் எனக்கு லேசாக வருத்தமாக இருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

இருவருமே நாயகர்களாக இருந்துவிட்டால் சிக்கல் தீரும் என்பாரும் உண்டு. 1965-இல் மணந்துகொண்ட விஞ்ஞானி ரீட் ரிச்சர்ட்ஸும் சூவும் (முன்பு சொன்ன சூ அல்ல, இவள் வேறு) ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற ஒரே அணியில்தான் போராடுகிறார்கள்; அப்படியும் ஆய்வகக் கதவுக்கு வெளியே காத்து நின்றவள் அவள்தான், ஒருமுறைக்கு மேல் பிரிந்து போனவளும் அவள்தான். காத்திருப்பவர் மனைவியாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2012-இல் எக்ஸ்-மென் நாயகர் நார்த்ஸ்டாரை மணந்த கைல் எந்தச் சக்தியும் இல்லாத ஓர் ஆண்.

இவர்களுள் லாயிஸ்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு. அவள் காத்திருப்பதை ஒரு தொழிலாக வைத்துக்கொள்ளவில்லை. அவர் வந்தாலும் வராவிட்டாலும் அவளுக்கு முடிக்க வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. அதற்காக அவளும் ஆபத்தில் போய் நிற்கிறாள், அவளும் சாப்பாட்டு நேரத்தைத் தவறவிடுகிறாள். அந்த வீட்டில் தாமதம் இரண்டு பக்கமும் இருக்கிறது.

எங்கள் சமையலறைக் குழாய் நான்கு மாதங்களாகச் சொட்டிக்கொண்டிருந்தது. எரிகிற கட்டடத்தின் கதவை உடைக்கத் தெரிந்த மனிதர், அந்தக் குழாயைப் பார்க்கும்போதெல்லாம் "நாளைக்குப் பார்க்கிறேன்" என்பார்; உண்மையிலேயே பார்க்கத்தான் நினைப்பார்; மறுநாள் எங்கோ யாருக்கோ அவர் தேவைப்படுவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கேட் வால்வை மூடி, ஸ்பானரால் குழாயின் தலையைக் கழற்றி, தேய்ந்துபோன வாஷரை எடுத்துவிட்டுப் புதியதைப் போட்டேன். கால் மணி நேர வேலைதான். இதை அவரிடம் சொல்லவில்லை. சொல்லாததில் கொஞ்சம் வஞ்சம் இருந்தது.

நேற்றிரவு அவர் தண்ணீர் குடிக்க எழுந்து போனார். இருட்டில் அங்கேயே நிற்பது தெரிந்தது. குழாய்க்கு அருகே காதை வைத்துக் கேட்பதுபோல் நின்றார். நான் வழக்கம்போல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தேன்.

"எப்போது சரியானது?" என்று கேட்டார்.

தூங்குகிறவள் பதில் சொல்லக் கூடாது. ஆனாலும் சொன்னேன்: "மூன்று வாரமாகிறது."