டிஸ்சார்ஜ் சம்மரியில் இல்லாத குழாய்
பில்லுக்காகப் பதிவாகும் நோய்க் குறியீடுகளை வைத்தே மருத்துவமனையில் தொற்றும் நோய்களை எண்ணிவிடலாம், அதற்கெனத் தனியாகச் செவிலியர் வேண்டியதில்லை என்று கட்டுரை சொல்வதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மருத்துவ ஆவணப் பிரிவில் பல வருடம் குறியீடு போட்டவன் நான். ஒரு கோப்பு இன்னும் கண்ணிலேயே நிற்கிறது: முதல் நாள் சிறுநீர்க் குழாய் போட்டிருக்கிறார்கள், ஐந்தாம் நாள் காய்ச்சல், சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் கல்ச்சர் சோதனையில் கிருமி, உடனே ஆன்டிபயாடிக். எல்லாம் செவிலியர் குறிப்பிலும் லேப் ரிப்போர்ட்டிலும் இருக்கிறது. டிஸ்சார்ஜ் சம்மரியில் மட்டும் ‘சிறுநீர்த் தொற்று’ என்று இரண்டே சொல். குழாயால் வந்தது என்று டாக்டர் எழுதாமல் நாங்களாக அந்தக் குறியீட்டைப் போடக் கூடாது. அதனால் சாதாரணத் தொற்றாகவே அது கணினிக்குள் போனது. அப்புறம், இதில் பணமும் கலந்திருக்கிறது. அமெரிக்காவில் 2008 அக்டோபர் முதல் மருத்துவமனையில் வந்த குழாய்வழித் தொற்றுகளுக்காக மருத்துவமனைகளுக்குத் தந்த கூடுதல் தொகையை, முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் நிறுத்தியது. அதன் பிறகு குறியீடுகள் குறைந்தால், குறைந்தது தொற்றா, அதை எழுதுவதா என்று எப்படிச் சொல்வது? மேலே பின்னூட்டத்தில் ஒருவர் ‘அப்படியானால் இந்த பில் தரவே வீண்’ என்கிறார். அதுவும் சரியில்லை. அறுவை சிகிச்சைப் புண்ணில் சீழ் பிடிப்பது பல நேரம் வீட்டுக்குப் போன பிறகுதான் தெரியும். நோயாளி வேறு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டால் முதல் மருத்துவமனைக்குத் தகவலே வராது. இரண்டு மருத்துவமனைகளின் பில்லும் போய்ச் சேரும் காப்பீட்டுக் கோரிக்கைத் தரவில் அது சிக்கும். சந்தேகப்படும் கோப்புகளை அதை வைத்துப் பிரித்தெடுக்கட்டும். ஆனால் கோப்பைத் திறந்து, குழாய் என்றைக்குப் போட்டது, என்றைக்கு எடுத்தது என்று பார்க்க ஓர் ஆள் வேண்டும்.