மொட்டை மாடிக்கு வந்த இலங்கைப் பண்பலை

திருவொற்றியூரில் கடலிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறேன். கோடை தொடங்கியதும் விடியற்காலையில் பழைய ரேடியோவை மொட்டை மாடிக்கு எடுத்துப்போய், ஆன்டெனாவை முழு நீளத்துக்கு இழுத்துவிட்டு, முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்துவது என் பழக்கம். பண்பலை அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வதால் சாதாரண நாட்களில் தொலைவிலுள்ள நிலையங்கள் எட்டுவதில்லை. ஆனால் கடலையொட்டிய குளிர்ந்த காற்றின் மேல் சூடான வறண்ட காற்று போர்வைபோலப் படியும் நாளில், அலை கீழ்நோக்கி வளைந்து, யாழ்ப்பாணத்துக்கும் நமக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 380 கிலோமீட்டரையும் தாண்டி வந்துவிடுகிறது.

வந்த நிலையம் எது என்று பாட்டை வைத்துச் சொல்லிவிடலாம் என்பார்கள். இலங்கையின் ஆட்டப்பாட்டான பைலாவின் துள்ளல் தாளம் கேட்டால் சிங்கள நிலையம் என்று ஒருவாறு துணியலாம். தெலுங்குப் பாட்டென்றால் வடக்கே ஆந்திரக் கரை. தமிழ்ப் பாட்டில்தான் சிக்கல். அங்கும் இங்கும் அதே திரைப்பாடல்கள்தான், அதே இசையமைப்பாளர்கள்தான். ஆகவே நான் பாட்டை விட்டுவிட்டு, இரண்டு பாட்டுக்கு நடுவில் வருவதைக் கவனிக்கிறேன்.

இந்தியத் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி வாசிக்க அனுமதி இல்லை. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றாமல் ஒலிபரப்பலாம், அவ்வளவுதான். இலங்கையில் தனியார் தமிழ் நிலையங்களே செய்தி வாசிக்கின்றன. 1977-இல் நாட்டிலேயே முதல் பண்பலை ஒலிபரப்பு தொடங்கிய இந்தச் சென்னையில், தனியார் நிலையங்கள் பாட்டும் அரட்டையும் விளம்பரமுமாகச் சுருங்கியதற்கு இந்தத் தடைக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. ரசனையை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

சென்ற மே மாதம் ஒரு நாள், முந்தின இரவு இங்கேயே கேட்ட பாட்டு வெற்று இரைச்சலாக இருக்கவேண்டிய இடத்தில் ஒலித்தது. உள்ளூர் நிலையத்தின் கசிவு என்று முள்ளை நகர்த்தப் போனேன். பாட்டு முடிந்ததும் ஒரு பெண் குரல் நிதானமாக, "மரண அறிவித்தல்" என்றது. இறந்தவர்களைப் பற்றி இலங்கைத் தமிழ் வானொலியில் வாசிக்கும் அறிவிப்பு அது. கையை எடுத்துவிட்டேன். பண்பலையில் ஒரே அலைவரிசைக்கு வரும் இரண்டு நிலையங்கள் பெரும்பாலும் கலப்பதில்லை. வலுவானதையே ரேடியோ பிடித்துக்கொள்ளும். இறந்தவரின் ஊர்ப்பெயர் வரவேண்டிய இடத்தில் ஒரு தெலுங்கு விளம்பரம் வந்து உட்கார்ந்துகொண்டது. வெயில் ஏறும்வரை காத்திருந்தும் அந்தக் குரல் திரும்பவில்லை.