மெதடிஸ்ட்காரர்களுக்குக் கிருபை வேண்டாமா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டத்துக் கிறிஸ்தவ சபைகளின் வாட்சப் குழுக்களில், கீபோர்டு இசையோடு ஒரு குரல் பதிவு சுற்றுகிறது: ‘கிருபை இல்லாமலே சொந்த முயற்சியில் இரட்சிக்கப்படலாம் என்பதே மெதடிஸ்ட் போதனை, முன்குறித்தல் கால்வின் கட்டிய கதை.’ கிருபை என்றால் தகுதி பாராமல் தேவன் தரும் தயவு; முன்குறித்தல் என்றால் யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானிப்பது. பதிவு சொல்லும் இரண்டுமே தவறு.

சொந்த முயற்சி போதும் என்ற பெலாகியுஸ் என்ற துறவியின் போதனையை 418-லேயே கார்த்தேஜில் கூடிய ஆயர்களின் சங்கம் கண்டித்துவிட்டது. 16-ஆம் நூற்றாண்டுச் சீர்திருத்தவாதி கால்வினின் வழிவந்த கால்வினியத்தை எதிர்த்த ஆர்மினியர்கள் (நெதர்லாந்து இறையியலாளர் ஆர்மினியுஸின் வழியினர்) 1610-இல் எழுதிய ஐந்து கூற்றுகளில் மூன்றாவதே, கிருபையின்றி மனிதனால் உண்மையான நன்மையை நினைக்கக்கூட முடியாது என்கிறது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியும் அந்தக் கட்சிதான்: கிருபை முந்திவந்து தொட்டால்தான் மனிதனால் ‘சரி’ சொல்ல முடியும். அந்தக் கிருபையை மனிதன் தள்ளிவிட முடியுமா என்பதில்தான் வழக்கே. இரட்சிப்புக்கென்று தேவன் தெரிந்துகொண்டவர்களால் முடியாது என்றது, நெதர்லாந்தில் கால்வினியர் கூடிய 1618–19 டார்ட் சங்கம்.

முன்குறித்தலோ வேதாகமத்தில் ரோமர் 8:29-இலேயே இருக்கிறது. கால்வினுக்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே ஆதிச் சபையின் இறையியலாளர் அகஸ்டின் அதைப் பற்றி எழுதிவிட்டார். பதிவில் அந்த வசனம் மட்டும் வரவே இல்லை.